செல்லுக்குள் போவதும் வெளியே வருவதும்: உருளைக்கிழங்கு, ரியோ இலை, யூரியா கொண்டு செய்து பார்க்கும் முறை

உப்புக் கரைசலில் செல் சுருங்கியது என்று ரெக்கார்டு நோட்டில் எழுதிப் படமும் வரைந்தாயிற்று என்றால் பரிசோதனை பாதிதான் முடிந்திருக்கிறது. அதே செல்லைத் திரும்பத் தண்ணீரில் விட்டு, பழைய நிலைக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். கரைசல் கடுமையாகிச் செத்துப்போன செல்லிலும் உள்ளிருப்பது சுருண்டு கிடக்கும். உயிரோடு நீரை இழந்த செல்லிலும் சுருண்டுதான் கிடக்கும். நுண்ணோக்கியில் இரண்டையும் பிரித்தறிவது பழகியவர்களுக்கே கடினம். எது உள்ளே போகலாம், எது போகக்கூடாது என்பதைத் தீர்மானிப்பது செல் சவ்வு. அந்தச் சவ்வு கிழியாமல் இருந்தால்தான் செல் மீளும். ஆகவே கீழே உள்ள முக்கியமான சோதனைகளில் மீட்டுப் பார்ப்பதையும் ஒரு படியாக வைத்திருக்கிறோம். மணி அடித்துவிட்டது என்று அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எல்லாமே கடலூர், புதுச்சேரிப் பக்கம் பள்ளி ஆய்வகத்திலோ வீட்டு மேசையிலோ செய்யக்கூடியவை. இந்தக் கடலோரத்து வெயிலும் ஈரக்காற்றும் நிலத்தடி நீரும் முடிவுகளைக் கெடுக்கும் விதங்களை அந்தந்த இடத்தில் சொல்கிறோம்.

தண்ணீரும் கரைசலும்

தவறு பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. கடலை ஒட்டிய பல இடங்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதைச் சுத்த நீர் என்று வைத்துக்கொண்டால் முதல் அளவீடே பிசகிவிடும். பேட்டரிக்கு ஊற்ற விற்கும் காய்ச்சி வடித்த நீர் போதும். பக்கத்திலேயே பேட்டரி அமிலமும் விற்பார்கள், லேபிளைப் படித்து வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் ஆர்.ஓ. தண்ணீர்.

சர்க்கரை வெள்ளையாக, உலர்ந்ததாக இருக்க வேண்டும். ரேஷன் சர்க்கரையே போதும். வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் வேண்டாம். அவற்றில் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், தாது உப்புகள் எல்லாம் கலந்திருப்பதால் மோலார் கணக்கு நிற்காது.

தாய்க் கரைசலாக 0.5 மோலார் சர்க்கரைக் கரைசல் 500 மில்லி தயாரியுங்கள். சர்க்கரையின், அதாவது சுக்ரோஸின், மூலக்கூறு எடை 342. அத்தனை கிராம் ஒரு லிட்டர் கரைசலில் இருந்தால் அது 1 மோலார். எனவே அரை லிட்டருக்கு 85.6 கிராம் வேண்டும். முதலில் 350 மில்லி நீரில் சர்க்கரையை முழுதும் கரைத்து, பிறகு நீர் சேர்த்து மொத்தத்தை 500 மில்லி கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். 500 மில்லி நீரை அளந்துவைத்து அதில் 85.6 கிராம் சர்க்கரையைக் கொட்டுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. கரைந்த சர்க்கரையும் இடம் பிடிக்கும். கரைசல் ஏறத்தாழ 553 மில்லிக்கு ஏறி, செறிவு 0.45 மோலாருக்கு இறங்கிவிடும். பத்து சதவீதப் பிழை; வரைபடத்தில் அது நன்றாகவே தெரியும்.

இதிலிருந்து நூறு மில்லி வீதம் பிரிப்பது எளிது. 0.1 மோலாருக்குத் தாய்க் கரைசல் 20 மில்லி, நீர் 80 மில்லி. 0.2-க்கு 40 மில்லியும் 60 மில்லியும். 0.3-க்கு 60, 40. 0.4-க்கு 80, 20. கடைசியாக ஒரு குவளையில் தாய்க் கரைசலையே ஊற்றுங்கள், இன்னொன்றில் வெறும் நீர். ஆறு குவளைகளிலும் செறிவை எழுதி ஒட்டுங்கள். சித்திரை, வைகாசியில் சர்க்கரைக் கரைசலை ஒரு நாள் வெளியே வைத்தாலே புளிக்கத் தொடங்கும். அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே கலக்குங்கள்.

உப்பு பயன்படுத்துவதானால் வேறொரு சிக்கல். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சுத்தமான சோடியம் குளோரைடே நீரை உறிஞ்சிக் கசியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கே அந்த அளவு சாதாரணமாகத் தாண்டும். ஈர உப்பை எடைபோட்டால் தண்ணீரையும் சேர்த்து எடைபோட்டதாகிவிடும். வாணலியில் வறுத்து, மூடி ஆறவிட்டு, உடனே எடை பாருங்கள். மரக்காணம் உப்பளத்துக் கல் உப்பில் மெக்னீசியம் உப்புகளும் சிறிது இருக்கும், அவை இன்னும் வேகமாக ஈரம் இழுக்கும். அளவுச் சோதனைக்குப் பொடி உப்பே நல்லது. சோடியம் குளோரைடு கரையும்போது இரண்டு அயனிகளாகப் பிரிவதால், 100 மில்லியில் ஒன்றரை கிராம் உப்பும் 17 கிராம் சர்க்கரையும் செல்லிலிருந்து ஏறத்தாழ ஒரே வலுவில் நீரை இழுக்கும். உப்பையும் 17 கிராம் போட்டால் செல் செத்துவிடும்.

உருளைக்கிழங்கு: எடை வழியாக

ஒரே கிழங்கிலிருந்து முப்பது துண்டுகள் வேண்டும். அரை சென்டிமீட்டர் தடிமன், அரை சென்டிமீட்டர் அகலம், நாலு சென்டிமீட்டர் நீளம். தோல் ஒட்டியிருக்கக் கூடாது, ஏனென்றால் தோலில் உள்ள தக்கைப் படலம் நீரைத் தடுக்கும். முளைவிட்ட கிழங்கு வேண்டாம். ஃபிரிட்ஜில் வைத்த கிழங்கும் வேண்டாம். குளிரில் கிழங்கு தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும், அப்போது செல்லுக்குள் இருக்கும் செறிவே உயர்ந்துவிடும்.

ஒரு குவளைக்கு ஐந்து துண்டுகள் என்று பிரித்து, ஐந்தையும் சேர்த்து எடை போடுங்கள். அது சுமார் ஐந்தரை கிராம் இருக்கும். மாற்றம் ஐந்து சதவீதம் என்றால் கால் கிராம்தான் வித்தியாசம். ஒரு கிராமுக்கு ஒரு கிராம் தாவும் சமையலறைத் தராசில் இது தெரியவே தெரியாது. 0.01 கிராம் காட்டும் கையடக்க டிஜிட்டல் தராசு வேண்டும். அது இல்லாவிட்டால் ஒரு குவளைக்கு நூறு கிராம் துண்டுகள் போட்டு, கரைசலையும் அதற்கேற்பக் கூட்டுங்கள்.

துண்டுகளைக் கரைசலில் போட்டு ஒன்றரை மணி நேரம் விடுங்கள். எல்லாக் குவளைக்கும் ஒரே நேரம். எடுத்ததும் டிஷ்யூ தாளில் உருட்டி மேல் ஈரத்தை மட்டும் ஒற்றி எடுங்கள். ஒரு குவளைத் துண்டை அழுத்திப் பிழிந்து, இன்னொன்றைச் சும்மா தொட்டு எடுத்தால் சோதனை அங்கேயே போயிற்று. ஒரே ஆள் ஒரே விதமாக எல்லாவற்றையும் ஒற்றுவது நல்லது. இரவு முழுதும் ஊறவிடும் பழக்கம் இந்த ஊர் வெக்கைக்கு ஒத்துவராது. காலையில் துண்டு கொழகொழவென்று இருக்கும், குறைந்த எடை எதனால் குறைந்தது என்று சொல்ல முடியாது.

எடை மாற்றத்தைச் சதவீதமாக்கி வரைபடம் போடுங்கள். கோடு பூச்சியத்தை வெட்டும் இடத்தில்தான் உள்ளே போகும் நீரும் வெளியே வரும் நீரும் சமம். எடுத்துக்காட்டாக, 0.2 மோலாரில் 4 சதவீதம் கூடி, 0.3 மோலாரில் 2 சதவீதம் குறைந்தால், வெட்டும் இடம் 0.267 மோலார். நம் ஊர் அறை வெப்பம் 30 டிகிரி என்றால், செறிவை 2.52 ஆல் பெருக்கினால் மெகா பாஸ்கல் கிடைக்கும். எதிர்க்குறி சேர்த்தால் கிழங்கின் நீரியல் திறன் (நீர் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லும் அளவு), இங்கே −0.67 மெகா பாஸ்கல். ஊறவைத்த நேரம் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் கோட்டின் சரிவு மாறுமே தவிர வெட்டும் இடம் அதிகம் நகராது. அங்கே நிகர ஓட்டம் இல்லாததால் காத்திருந்தாலும் மாற்றம் வராது.

இந்த எண்ணைக் கடல்நீரோடு ஒப்பிடுங்கள். கடல்நீரின் நீரியல் திறன் சுமார் −2.5 மெகா பாஸ்கல். நீர் எப்போதும் திறன் குறைந்த பக்கம்தான் போகும். 2004 சுனாமியில் கடல் ஏறிய வயல்களில், மண்ணில் ஈரம் இருந்தும் பயிர் வாடியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இப்போது மீட்பு. 0.5 மோலாரில் துவண்டு வளைந்த துண்டுகளைச் சுத்த நீரில் இன்னொரு ஒன்றரை மணி நேரம் போடுங்கள். எடை ஏறி, துண்டு மறுபடி விறைக்க வேண்டும். பக்கத்தில் வேகவைத்த துண்டு ஒன்றையும் வையுங்கள். எவ்வளவு நேரம் நீரில் கிடந்தாலும் அது விறைக்காது. நீர் இருக்கிறது, செல் சுவரும் இருக்கிறது. சவ்வு மட்டும் போய்விட்டது.

ரியோ இலை: கண்ணால் பார்ப்பது

தொட்டிச் செடியாக எல்லா நர்சரியிலும் கிடைக்கும் ரியோ இலையின் அடிப்பக்கம் ஊதா நிறம். ஊதா நிறமி செல்லின் வாக்குவோலுக்குள், அதாவது செல்சாறு நிறைந்த பைக்குள், கரைந்து கிடப்பதால், வாக்குவோல் சுருங்குவதும் விரிவதும் சாயம் போடாமலே தெரியும். ஹியூகோ டி விரீஸ் 1884-இல் கரைசல்களின் வலுவை ஒப்பிட இதே செடியின் தோல் செல்களைத்தான் பயன்படுத்தினார். நூற்று நாற்பது ஆண்டுகள் கழித்தும் இதைவிட வசதியான இலை பள்ளிக்கூடத்துக்குக் கிடைக்கவில்லை. செடி கிடைக்காதவர்கள் பெல்லாரி வெங்காயத்தின் சதைப்பற்றுள்ள இதழின்மேல் (காய்ந்த சருகில் அல்ல) இருக்கும் சிவந்த வெளிப்புறத் தோலை உரித்துப் பயன்படுத்தலாம். ரியோவின் சாறு சிலருக்குத் தோலில் அரிப்பு தரும், வேலை முடிந்ததும் கை கழுவுங்கள்.

உரிப்பதுதான் வித்தை. இலையை ஊதாப் பக்கம் மேலே இருக்கும்படி பிடித்து, சாய்வாகக் கிழியுங்கள். கிழிந்த ஓரத்தில் கண்ணாடி மாதிரி மெல்லிய ஊதாப் படலம் நீட்டிக்கொண்டு நிற்கும். அதை மட்டும் பிளேடால் நறுக்கி உடனே தண்ணீரில் மிதக்க விடுங்கள். இலையின் பச்சைச் சதை ஒட்டிக்கொண்டு வந்தால் நுண்ணோக்கியில் இருட்டாகத் தெரியும். தூக்கிப் போட்டுவிட்டு வேறு உரியுங்கள். மின்விசிறிக்குக் கீழே உரித்தால் தோல் ஒரு நிமிடத்தில் காய்ந்து ஓரத்துச் செல்கள் செத்துவிடும். வெள்ளையாகி நிறம் கசிந்து போன செல்கள் அப்படிச் செத்தவை, அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஸ்லைடில் ஒரு சொட்டு நீர், அதில் தோல், மேலே கவர் ஸ்லிப். 10 மடங்கு லென்ஸில் முதலில் முழு ஊதாவாக நிறைந்த செல்களைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கவர் ஸ்லிப்பின் ஒரு ஓரத்தில் 0.5 மோலார் சர்க்கரைக் கரைசலை ஒரு சொட்டு வைத்து, எதிர் ஓரத்தில் வடிதாளைத் தொட்டு நீரை இழுங்கள். இதை மூன்று முறை செய்தால்தான் கீழே இருந்த நீர் முழுதும் மாறும். ஐந்து முதல் பத்து நிமிடத்தில் ஊதா நிறம் சுவரிலிருந்து விலகத் தொடங்கும். முதலில் மூலைகளில் விலகும், பிறகு உருண்டு திரளும். நிறம் அடர்த்தியாவதைக் கவனியுங்கள். நிறமி கூடவில்லை, நீர்தான் குறைந்திருக்கிறது. இதுவே பிளாஸ்மா சிதைவு.

சுவருக்கும் சவ்வுக்கும் இடையே உண்டான இடைவெளியில் என்ன இருக்கிறது என்று வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள். காற்று என்று சொல்லாதீர்கள். நாம் ஊற்றிய சர்க்கரைக் கரைசல்தான் அங்கே இருக்கிறது. செல் சுவர் நீரையும் சர்க்கரையையும் தாராளமாக விடும்; தடுப்பது சவ்வு மட்டுமே.

அளவு வேண்டுமென்றால் 0.1 முதல் 0.5 வரையான கரைசல்களில் தனித்தனித் தோலைப் பதினைந்து நிமிடம் மிதக்கவிட்டு, ஒவ்வொன்றிலும் ஐம்பது ஊதாச் செல்களை எண்ணுங்கள். எந்தச் செறிவில் பாதிச் செல்கள் விலகத் தொடங்கியிருக்கின்றனவோ அது செல்சாற்றின் செறிவுக்கு ஏறத்தாழச் சமம். இலைத்துளையின் பச்சை நிறக் காப்புச் செல்களையும் அவற்றைச் சுற்றியுள்ள வெளிறிய செல்களையும் எண்ணாதீர்கள். அவற்றின் செறிவு வேறு.

மீட்கும்போது அவசரம் ஆகாது. கெட்டிக் கரைசலிலிருந்து நேராகச் சுத்த நீருக்கு மாற்றினால் நீர் பாய்ந்து புகுந்து சவ்வு கிழியக்கூடும். அப்போது ஊதா நிறம் ஒரே நொடியில் வெளியே பரவி மறையும். முதலில் பாதிச் செறிவுக் கரைசலால் ஐந்து நிமிடம், பிறகு நீரால் மாற்றுங்கள். செல் பழையபடி சுவரைத் தொட்டு நிறைந்தால் சோதனை தேறியது. பாதிச் செல்கள் மீண்டு பாதி மீளவில்லை என்றால் அதையும் எண்ணி எழுதுங்கள், அதுவும் முடிவுதான்.

குண்டு பல்பு உள்ள பழைய நுண்ணோக்கியானால் பல்புச் சூட்டில் ஸ்லைடு காயும். கரைசல் சொட்டே இல்லாமல் வெறும் நீரில் இருக்கும் செல்கள்கூட அப்போது சுருங்கத் தொடங்கலாம். சில நிமிடத்துக்கு ஒரு தடவை ஓரத்தில் சொட்டுவிட்டுக்கொண்டே இருங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடி வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது.

யூரியா: தானாக மீளும் செல்

இதைப் பாடத்தில் பலரும் செய்வதில்லை. செய்ய வேண்டும், ஏனென்றால் சவ்வு எல்லாவற்றையும் ஒரே மாதிரி தடுப்பதில்லை என்பது இதில்தான் தெளிவாகத் தெரிகிறது. 100 மில்லி கரைசலுக்கு 3 கிராம் யூரியா போட்டால் 0.5 மோலார். உரக்கடை யூரியாவில் வேப்ப எண்ணெய் பூசியிருப்பார்கள். கரைத்தபின் மெல்லிய எண்ணெய்ப் படலம் மிதக்கும், வடிதாளில் வடிகட்டுங்கள். மருந்துக்கடைக் கிளிசரினும் ஆகும்: 3.7 மில்லி எடுத்து நீர் சேர்த்து 100 மில்லி ஆக்குங்கள்.

இரண்டு சிறு கிண்ணங்கள். ஒன்றில் 0.5 மோலார் சர்க்கரை, மற்றதில் 0.5 மோலார் யூரியா. இரண்டிலும் ரியோ தோலை மிதக்கவிட்டு, ஆவியாகாமல் மூடி வையுங்கள். பத்து நிமிடத்தில் இரண்டிலும் பிளாஸ்மா சிதைவு தெரியும். அதன்பின் கால் மணிக்கு ஒரு தடவை பாருங்கள். சர்க்கரையில் உள்ள செல்கள் அப்படியே சுருங்கிக் கிடக்கும். யூரியாவில் உள்ளவை, நாம் தண்ணீருக்கு மாற்றாமலே மெல்ல மெல்ல விரியும். யூரியா சவ்வு வழியாக மெதுவாக உள்ளே நுழைகிறது, அதன் பின்னே நீரும் நுழைகிறது. எவ்வளவு நேரத்தில் மீளும் என்பது இலையின் வயதையும் வெப்பத்தையும் பொறுத்தது. சர்க்கரையின் மூலக்கூறு பெரியது, அதற்கு இந்தச் சவ்வில் வழி இல்லை.

நீர் மட்டும் இவ்வளவு விரைவாக ஊடுருவுவதற்குச் சவ்வில் அதற்கென்றே புரத வழிகள் உண்டு. அக்வாபோரின் எனப்படும் அவற்றைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரேவுக்கு 2003-இல் வேதியியல் நோபல் பரிசின் ஒரு பங்கு கிடைத்தது.

பீட்ரூட்டும் முட்டையும்

பீட்ரூட்டை மூன்று மில்லிமீட்டர் வில்லைகளாக வெட்டி, வெட்டுப்பட்ட செல்களின் சாயம் போகும்வரை ஓடும் நீரில் நன்றாகக் கழுவுங்கள். இதில் சோம்பினால் எல்லாக் குழாயும் ஒரே சிவப்பாகிவிடும். 40, 50, 60, 70 டிகிரி நீரில் ஒவ்வொரு வில்லையாக இரண்டு நிமிடம் முக்கி எடுத்து, தனித்தனியே 10 மில்லி குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் விடுங்கள். சூடு ஏற ஏறச் சவ்வு கெட்டு நிறமி வெளியேறுவது கண்ணாலேயே தெரியும். இதில் மீட்பு கிடையாது. சவ்வு கெட்டால் திரும்பாது என்பதைக் காட்டத்தான் இந்தச் சோதனை.

வினிகரில் ஓட்டைக் கரைத்த முட்டையைச் சர்க்கரைப் பாகில் சுருங்கவைத்து நீரில் ஊதவைக்கும் சோதனை எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் அங்கே வேலை செய்வது ஓட்டுக்கு உட்புறம் இருக்கும் நார்ப் படலம். அது செல் சவ்வு அல்ல, உயிருள்ளதும் அல்ல. சவ்வூடு பரவலுக்கு உயிர் தேவையில்லை என்று காட்ட அது பயன்படும். செல் சவ்வு இப்படித்தான் என்று காட்ட அதை வைக்காதீர்கள்.

தூரம்

சிறு மூலக்கூறு ஒன்று நீரில் வெறும் விரவலால், அதாவது தானாகப் பரவுவதால், 10 மைக்ரான் தூரம் போக நொடியில் இருபதில் ஒரு பங்கு போதும். ஒரு மில்லிமீட்டருக்கு எட்டு நிமிடம். ஒரு சென்டிமீட்டருக்குப் பதினான்கு மணி நேரம். தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்கு. செல்கள் சிறியவையாக இருப்பதன் ஒரு காரணம் இது. இதைப் பார்க்க, சங்குப்பூ ஊறிய நீல நீர் 200 மில்லியில் 4 கிராம் கடல்பாசித் தூளைக் காய்ச்சி உறையவிட்டு, 1, 2, 3 சென்டிமீட்டர் கட்டிகளாக வெட்டி வினிகரில் போடுங்கள். பத்து நிமிடம் கழித்து நடுவே வெட்டி, ஊதாவாக மாறிய விளிம்பின் தடிமனை அளவுகோலால் அளந்தால் மூன்றிலும் அது ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். மாறாத நீலம் எந்தக் கட்டியில் எவ்வளவு மிச்சம் என்று கணக்கிடுங்கள்.

ஆற்றல் செலவழித்துக் கடத்துவது

மேலே உள்ள எல்லாமே இறக்கத்தில் ஓடுபவை. மேட்டை நோக்கித் தள்ளச் செல்லுக்கு ஆற்றல் வேண்டும். சவ்வில் உள்ள சோடியம்-பொட்டாசியம் பம்பு என்ற புரதம், செலவழியும் ஒவ்வொரு ஏடிபிக்கும் (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது. 1957-இல் இதைக் கண்டறிந்தவர் யென்ஸ் ஸ்கௌ. இதைப் பள்ளி மேசையில் நேரடியாகக் காட்ட வழியில்லை. ஆனால் அதன் பலனை எல்லோர் வீட்டிலும் குடித்திருக்கிறார்கள்.

வயிற்றுப்போக்குக்குத் தரும் ஓ.ஆர்.எஸ். பொடியில், உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட். கரைத்தால் குளுக்கோஸும் சோடியமும் லிட்டருக்கு 75 மில்லிமோல் என்று சரிசமமாக இருக்கும். பம்பு சோடியத்தை வெளியேற்றிக்கொண்டே இருப்பதால் குடல் செல்லுக்குள் சோடியம் குறைவு. அந்த இறக்கத்தில் உள்ளே வரும் சோடியம், ஒரே புரத வழியில் குளுக்கோஸையும் கூட்டிக்கொண்டு வருகிறது, நீர் பின்தொடர்கிறது. கரைசலில் கரைந்த துகள்களின் மொத்த வலு லிட்டருக்கு 245 மில்லி ஆஸ்மோல், இரத்தத்தினுடையதைவிடச் சற்றுக் குறைவு. பாக்கெட்டில் எழுதிய அளவைவிடக் குறைந்த நீரில் கலக்கினாலோ மேலே சர்க்கரை போட்டாலோ வலு ஏறி, குடலிலிருந்தே நீர் வெளியே இழுக்கப்படும், போக்கு அதிகமாகும். பாக்கெட்டுகள் 200 மில்லிக்கும் ஒரு லிட்டருக்கும் தனித்தனியாக வருகின்றன, படித்துப் பார்த்துக் கலக்குங்கள்.

இதே வேலையின் இன்னொரு வடிவத்தைப் பிச்சாவரம் படகில் போகும்போது பார்க்கலாம். வெண்கண்டல் மரம் வேரிலேயே பெரும்பகுதி உப்பைத் தடுத்துவிட்டு, மீறி ஏறியதை இலையில் உள்ள சுரப்பிகள் வழியாக ஆற்றல் செலவழித்து வெளியேற்றுகிறது. மழை இல்லாத நாளில் இலைமேல் உப்புப் படிகம் மினுங்கும். மழை பெய்த மறுநாள் போனால் ஒன்றும் தெரியாது. அது வனத்துறையின் காப்புக்காடு. இலையைப் பறிக்காமல் கைலென்ஸில் பார்த்துவிட்டு வாருங்கள்.

சோதனைகள் முடிந்ததும் நுண்ணோக்கியின் மேடையையும் லென்ஸ் ஓரத்தையும் முதலில் நீர் தொட்ட துணியாலும் பிறகு உலர்ந்த துணியாலும் துடையுங்கள். லென்ஸின் கண்ணாடிக்கு லென்ஸ் தாள் மட்டும். சர்க்கரை காய்ந்தால் எறும்பு வரும், உப்பு காய்ந்தால் இந்தக் கடற்காற்றில் சீக்கிரமே துருப்பிடிக்கும்.